நாப்பது எழுத்துக்கு மேல

ராத்திரி ரெண்டு மணி... செம்பூரத் தாண்டி ட்ராம்பே போற ரோடு. ஒரு விளக்கு கிடையாது. போன மழைக்காலத்துல நம்ம ரூம் சொரிமுத்தோட அத்தான் கணேசபாண்டியன் அந்த ரோட்டுலதான்... சரி, முதல்லேருந்து வாரேன். சொரிமுத்து இன்னும் செம்பூர் ஒர்க்‌ஷாப்லேருந்து வரல. அவன் முன்னால இதச் சொல்ல முடியாது. கதவச் சாத்துங்க.

அத்தானுக்கு ஒரு ஆராய்ச்சி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேல. நாம படுத்துக் கிடக்குத இந்தக் கோலி ரூம் மாதிரி பத்து ரூம் பெருசு அந்த மிஷின். அது எங்கயாவது தடுக்கி நின்னா, எந்த ஃபைல்ல நின்னுதுன்னு அதோட முழு விலாசத்தையும் அடிச்சுக் காட்டணும். எந்த டேப்பு, யாரு வச்சது, என்ன பேரு... எல்லாம். அப்படிக் காட்டுத புரோகிராம் அத்தான் எழுதினது. விலாசத்துக்கு நாப்பது எழுத்து இடம் விட்டாரு. அதுக்கு மேல வந்தா ‘இடம் பத்தல’ன்னு சொல்லி நிறுத்தணும்லா? அத மட்டும் எழுதல. எவன் அவ்வளவு நீளமா பேரு வைக்கப் போறான்னு ஒரு மெத்தனம்.

மாசானம் வச்சான். நம்ம தாராவிக்காரன், மிஷின் ஓட்டுத ஆளு. ஊர்ப் பேரு, அப்பன் பேரு, தன் பேரு, மூணையும் சுருக்காம அடிப்பான். இனிஷியல் போட்டா அப்பன மறைச்ச மாதிரில்லா இருக்கும்பான். ஒருநாள் விலாசம் நாப்பதத் தாண்டிச்சு. மிச்ச எழுத்து பக்கத்துல இருந்த கணக்கு மேல ஏறி, ஆறு மாச வேலைய அழிச்சிட்டு. யாரு தப்புன்னு சாஹேப் கேட்டாரு. அத்தான் வாயத் திறக்கல. மாசானத்த அன்னைக்கே நிறுத்திட்டாங்க. மழையில நடந்து வந்தவன... அந்த ரோட்டுல லாரி அடிச்சிட்டு. அங்கயே போயிட்டான். பாவி மனுசன் அத்தான், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

அப்புறமா அத்தான் ரகசியமா புரோகிராமச் சரி பண்ணினாரு. நீளமா ஒரு பேரு குடுத்துப் பாத்தாரு. ‘இடம் பத்தல’ன்னு ஒழுங்கா அடிச்சுது.

அந்த வாரமே நைட் ட்யூட்டி. தனி ஆளு. மிஷின் தானா நின்னுது. டக்... டக்டக்... பிரிண்டர் அடிக்குது. மாசானம் போடுவானே, அந்தக் காக்கிச் சட்டையோட ஈர வாடை. பேப்பர்ல மாசானத்தோட முழுப் பேரு. நாப்பதத் தாண்டி, முழுசா... அதுக்குப் பின்னால ஒரு G.

பழசு எதுவோ உள்ள தங்கிட்டுன்னு மிஷின அணைச்சு, எல்லாத்தையும் துடைச்சுப் போட்டாரு. மறுநாள் ராத்திரி G, A. அதுக்கு மறுநாள் இன்னொரு எழுத்து. தன் பேருதான் வருதுன்னு அவருக்கு விளங்கிட்டு. தினமும் சாஹேப் ரூம் வாசல் வரைக்கும் போவாரு... திரும்பிருவாரு. வேல போயிருமேன்னு பயம். சொரிமுத்துகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லி அழுதுருக்காரு.

“மாப்ள, இன்னும் ஒரு எழுத்துதான் பாக்கி. நாளைக்குச் சொல்லிருதேன்.”

இவன் என்ன சொன்னான் தெரியுமா?

“சும்மா இருங்க அத்தான். அக்காவ நெனச்சுப் பாருங்க.”

மறுநாள் விடிய அந்த ரோட்டுல கிடந்தாரு. மாசானம் கிடந்த அதே இடம். மேல ஒரு கீறல் இல்ல. அன்னைக்கு மழையே இல்ல... சட்டையப் பிழிஞ்சா தண்ணி கொட்டுது.

அவரு சாமான வாங்க ஆபீஸுக்குப் போன சொரிமுத்துகிட்ட ராத்திரி அடிச்ச பேப்பரையும் குடுத்தாங்க. அத்தான் பேரு முழுசா இருந்துது. அப்புறம் கொஞ்சம் இடம் விட்டு... ஒரு S.

அன்னையிலேருந்து அவன் சரியாத் தூங்கல. நேத்துதான் எங்கிட்டச் சொன்னான். மாசானத்தோட ஆத்தா சொர்ணம்மாகிட்டப் போயி உண்மையச் சொல்லிரு, மகன் மேல விழுந்த பழியாவது போகட்டும்னேன். தலையாட்டினான்.

நாளைக்குச் சொல்லுதேன்னான்.

...மணி இப்ப பன்னெண்டு தாண்டிட்டு. ஒர்க்‌ஷாப் பத்து மணிக்கே விட்டிருக்கும்லா?