நாலு நட்டு, நாலு கோடு

மாரென்: நுழையலன்னா விட்டுடு. முரட்டுத்தனம் பண்ணாத.

ஏக்கார்ட்: நுழையும். இத்தனை வருஷமா நுழைஞ்ச போல்ட்டு இன்னிக்கு மட்டும் என்ன...

மாரென்: கோணலாப் போகுதுய்யா. சாயுது பாரு.

ஏக்கார்ட்: பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

மாரென்: கொஞ்சம் நகரு. வெளிய எடு... ம். இந்தா, இதுல ஒட்டியிருக்கிறது என்ன?

ஏக்கார்ட்: கிரீஸு.

மாரென்: அலுமினியத் தூள். ஓட்டையில இருக்கிற மரை உதிர்ந்து போல்ட்டோட வருது. ஒரு பக்கத்துக்கு ரெண்டே போல்ட்டு, அதுதான் பிரேக் காலிப்பரையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதுவும் பிடி விட்டா அப்புறம் உன்னை யாரு பிடிக்கிறது?

ஏக்கார்ட்: பயமுறுத்தாத தாயே. நாளைக்கு சீசனோட கடைசி நாளு. ரேஸ் பாதையில மூணு சுத்து போயிட்டு வந்து வண்டியை மூடி வெச்சிடுவேன்.

மாரென்: மூணு சுத்து.

ஏக்கார்ட்: மூணே மூணு. கேக்குதா? மலைக்கு அந்தப் பக்கம்... ஆறு சிலிண்டரு. வளைவுல கியரை இறக்க மறந்துட்டான், மடையன்.

மாரென்: காது நல்லாத்தான் இருக்கு உனக்கு.

ஏக்கார்ட்: எல்லாமே நல்லாத்தான் இருக்கு.

மாரென்: இந்த வருஷம் எத்தனை தடவை இதைக் கழட்டியிருப்ப? போல்ட்டு எஃகு, ஓட்டை அலுமினியம். கழட்டி மாட்டுற ஒவ்வொரு தடவையும் ஓட்டைதான் தேயும். உனக்கு நான் சொல்லணுமா?

ஏக்கார்ட்: ரேஸ் பாதையில ஓடுற வண்டி. வாரா வாரம் பிரேக் பேடு தேஞ்சிருக்கான்னு பாக்க வேணாமா?

மாரென்: பாத்தேன். நல்லா குண்டா இருக்கு பேடு.

ஏக்கார்ட்: நான் பதமாப் பிடிப்பேன். உன்னை மாதிரி ஏறி மிதிக்கிறதில்ல.

மாரென்: ஏறி மிதிச்சுக்கிட்டேதான் உன்னை ரெண்டு தடவை முந்தினேன். அது ஞாபகம் இருக்கட்டும். சரி, அந்தப் பொட்டலத்தைப் பிரி. உனக்குத்தான்.

ஏக்கார்ட்: என்ன இது... எழுத்தைப் பொடிப்பொடியா போட்டிருக்கான். நீயே படி, என் கையெல்லாம் கிரீஸு.

மாரென்: ஸ்டட்டு நாலு, தலையில்லாத போல்ட்டு. நட்டு நாலு.

ஏக்கார்ட்: ஸ்டட்டா? வேணாம். திருப்பிக் குடுத்துடு.

மாரென்: முழுசாக் கேளுய்யா. இதை ஒரு தடவை அடிவரைக்கும் திருகிட்டா அங்கேயே கெடக்கும். உன் போல்ட்டு எட்டாத ஆழத்துல மரை இன்னும் நல்லாவே இருக்கு, போன வாரமே பாத்துட்டேன். அதுக்கப்புறம் ஓட்டையை யாரும் தொட வேண்டியதில்ல. காலிப்பரைத் தூக்கி ஸ்டட்டு மேல மாட்டு, நட்டைப் போடு. பத்து நிமிஷ வேலை. ஒரு ஆளே போதும்.

ஏக்கார்ட்: அதான் வேணாங்கிறேன்.

மாரென்: எதை?

ஏக்கார்ட்: ஒரு ஆளே போதும்கிறதை. சனிக்கிழமை ஒரு நாளுதான் இந்த வீட்ல ரெண்டு குரல் கேக்குது, மாரென். நம்மகூட ஓட்டின யூர்கன் வண்டியை வித்துட்டான். ஹோல்கர் முதுகு வலின்னு எட்டிக்கூடப் பாக்கிறதில்ல. மத்த ஆறு நாளும் நானும் ரேடியோவும்தான். அதுக்குப் பதில் சொல்லிப் பாத்தேன். அது பாட்டுக்கு வானிலை வாசிச்சுக்கிட்டே இருக்கு.

மாரென்: ...அடுப்புல எதுவும் வெச்சிருக்கியா? வாசனை வருது.

ஏக்கார்ட்: பட்டாணி சூப்பு. அணைச்சிட்டேன். உனக்கு ரெண்டு சாசேஜ், எனக்கு ஒண்ணு.

மாரென்: அப்ப சீக்கிரம் முடிப்போம். ஒரு மணிக்கு மேல தட்டினா எதிர்வீட்டுக்காரன் ஜன்னலைத் திறந்து மதிய அமைதி நேரம்னு வகுப்பு எடுப்பான். கையை நீட்டு.

ஏக்கார்ட்: எதுக்கு?

மாரென்: நீட்டுன்னா நீட்டு. இந்த முனையைத் தடவு. கூம்பா இருக்கா? அது வெளிப்பக்கம். நட்டு தானா வந்து உக்காரும். மொட்டையா இருக்கிறது ஓட்டைக்குள்ள போற பக்கம்.

ஏக்கார்ட்: தடவித்தான் தெரிஞ்சுக்கணுமா? கண்ணு இல்லையா எனக்கு?

மாரென்: நான் சொன்னனா? திருகு. கையாலேயே. நெருடுச்சுன்னா நிறுத்திப் பின்னாடி சுத்து.

ஏக்கார்ட்: ...போகுது. ம்... வழுக்கிக்கிட்டுப் போகுது. அடி தட்டிடுச்சு.

மாரென்: இன்னொண்ணு.

ஏக்கார்ட்: இதுவும் போகுது. பரவால்லியே.

மாரென்: இப்ப காலிப்பர். நீயே மாட்டு. நான் தொட மாட்டேன்.

ஏக்கார்ட்: எங்க... இருக்கு, இருக்கு. அட. தானா உக்காந்துடுச்சு.

மாரென்: நட்டு?

ஏக்கார்ட்: போட்டாச்சு. ரெண்டும். உனக்கு முன்னாடி முடிச்சிட்டேன், பாத்தியா?

மாரென்: நான் சும்மாதான் நிக்கிறேன். சரி, இந்தப் பக்கமும் போடு.

ஏக்கார்ட்: ...இதோ, நாலும் ஆச்சு. ரெஞ்சைக் குடு... இது என்னோடது இல்லையே. கனமா இருக்கு. பிடியில டேப் வேற.

மாரென்: என்னோடது. எவ்வளவு இறுக்கணுமோ அதுல வெச்சு, நகராம டேப் சுத்திட்டேன். டிக்குனு சத்தம் வந்தா நிறுத்து, அவ்வளவுதான். நம்பரைப் பாக்கவே வேண்டியதில்ல. நீயே வெச்சுக்கோ.

ஏக்கார்ட்: அப்ப உனக்கு?

மாரென்: எனக்கு வேலை இல்ல அதுக்கு.

ஏக்கார்ட்: நீ இதை உன் புருஷனுக்கே கடன் குடுத்ததில்ல... மாரென்?

மாரென்: என் பட்டறையை வித்தாச்சு. செவ்வாய்க்கிழமை பிரேமன் ஊருக்குப் போறேன், பொண்ணு வீட்டுக்கு. ஜூன்லயே போயிருக்கணும்.

ஏக்கார்ட்: ...ஏன் போகல?

மாரென்: பட்டறையில சாமான் நிறைய கெடந்துச்சு.

ஏக்கார்ட்: ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்குமா?

மாரென்: நிறைய கெடந்துச்சு.

ஏக்கார்ட்: ம்... நல்லதுதான். பேரப் புள்ளைங்க இருக்கு. போ, போ. எனக்கென்ன? வண்டி இருக்கு, பாதை இருக்கு. நாளைக்கே மூணு சுத்து.

மாரென்: கண்டிப்பா ஓட்டுவியா?

ஏக்கார்ட்: பின்ன? அழகு பாக்கவா வெச்சிருக்கேன்?

மாரென்: சரி. ரெஞ்சைக் குடு, இந்தக் கடைசித் தடவை நான் இறுக்குறேன்... ஒண்ணு... ரெண்டு. அந்தப் பக்கம் வா... மூணு... நாலு. கேட்டுச்சா?

ஏக்கார்ட்: நாலும் கேட்டுச்சு.

மாரென்: இந்தா, வெள்ளைப் பேனா. கோடு போடு.

ஏக்கார்ட்: எப்பவும் நீதான போடுவ?

மாரென்: எப்பவும் நீ இறுக்குவ. இறுக்கின ஆளே கோடு போடக் கூடாதுன்னு இந்த மலையில எல்லாருக்கும் சொன்னவன் நீதான். நட்டுல பாதி, காலிப்பர்ல பாதி. நட்டு அசைஞ்சா கோடு உடையணும்.

ஏக்கார்ட்: தெரியும், தெரியும். வெளிச்சம் பத்தல இங்க... ஒண்ணு போட்டாச்சு. ரெண்டு. விளக்கைக் கொஞ்சம்... சரி விடு. மூணு... நாலு. எப்படி?

மாரென்: ம்.

ஏக்கார்ட்: ம்னா?

மாரென்: நேரா இருக்கு.

ஏக்கார்ட்: பின்ன? வா, சூப்பு ஆறுது. அங்க போனதும் போன் பண்ணு. சனிக்கிழமை சனிக்கிழமை பண்ணு, அப்பதான் நான் வீட்ல இருப்பேன். இல்ல, சில சமயம் பாதையில இருப்பேன். எடுக்கலன்னா கோச்சுக்காத, என்ன... மாரென்? ஏன் அங்கேயே நிக்கிற?

மாரென்: நாலு கோட்டுல ஒண்ணுகூட நட்டு மேல விழல, ஏக்கார்ட். அந்தப் பேடு ஏப்ரல்லேர்ந்து நூல் அளவுகூடத் தேயல, நீ வண்டியை எடுக்கவே இல்லன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு... அதான் ஸ்டட்டா வாங்கினேன், விரலுக்கே தட்டுப்படும். சனிக்கிழமை நான் கூப்பிடுறப்ப போனை ஸ்டூல் மேல வெச்சிட்டு இறுக்கு. நாலு டிக்கும் கேட்டாத்தான் போனை வெப்பேன்.