என்ன வேணும், கங்கப்பா?

சாயந்திரம் ஆறரை மணி. கெலமங்கலம் ரோடு. வருஷம் தொண்ணூற்றொன்று. கல் லாரி ஒன்று போய், புழுதி அடங்கி... அப்புறம் ஈ காக்கை இல்லை.

நெருங்கி உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல மாட்டேன். என்னோடு ஷிப்டு பார்த்த முனிவேலின் சித்திக்கு நடந்தது. சைக்கிளில் போன முனிவேல் எதிரே அவளைப் பார்த்தான். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நடந்து வருகிறாள். யாரோ பிடித்திருப்பது போல. பினாயில் வாடை.

"மணி அடிக்காத முனிவேலு. மெரண்டுக்குவான்," என்றாள்.

சித்தி சரோஜம்மாள், ஓசூர்ப் பக்கம் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் ஆயா. அங்கே கங்கப்பன் என்று ஒரு நோயாளி. அஞ்செட்டிக்காரன். வெறி வந்தால் கைக்கு எட்டியவர்களை அடிப்பான். ஆயாக்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்... துண்டால் கட்டிலோடு கட்டுவது. தை மாதம் ஒரு ராத்திரி சித்திதான் கட்டினாள். அவிழ்த்துவிடச் சொல்லிக் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் பெங்களூரிலிருந்து ஒருவர் பயிற்சி கொடுக்க வந்தார். ஆள் செத்த பிறகு. நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. நோயாளி கையைப் பிடித்தால் இழுக்காதே, பெயர் சொல்லிக் கூப்பிடு, என்ன வேண்டும் என்று கேள். அவ்வளவுதான் பாடம். வார்டில் வேலை பார்த்த ஆஞ்சப்பன் நோயாளியாக நடிக்கக் கட்டிலில் படுத்தார். சித்தியின் முறை. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம்... வாயில் வந்தது அதுதான்.

"கங்கப்பா, என்ன வேணும்?"

மணிக்கட்டில் பிடி விழுந்தது. எலும்பு நெரிகிற பிடி.

"போதும்ணா, வுடுங்க," என்றாள்.

ஆஞ்சப்பன் பேந்தப் பேந்த விழித்தார். அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு அடியில் இருந்தன.

அன்றைக்குச் சாயந்திரம் அப்படியே ரோட்டில் நடந்து வந்தவளைத்தான் முனிவேல் பார்த்தான். ஊசி, மந்திரிப்பு, எதற்கும் பிடி விடவில்லை. விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. அவள் மட்டும் ராவும் பகலும் கேட்டுக்கொண்டே இருந்தாள், என்ன வேணும், என்ன வேணும் என்று. நான்காம் நாள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வூட்டுக்குப் போவணுமாம். கொண்டுபோய் வுட்டா கைய வுட்டுடுவான்."

பாவம், நம்பினாள். முனிவேலும் நம்பினான். அஞ்செட்டி பஸ், அப்புறம் காட்டு வழி. பட்டப்பகல். கதவைத் தட்டியதும் கங்கப்பனின் பெண்சாதி சென்னம்மா எட்டிப் பார்த்தாள். சித்தியைப் பார்க்கவில்லை. முனிவேலையும் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். 

"ஏன் திருப்பிக் கூட்டினு வந்தீங்க? அடி வாங்க இன்னமே எங்க ஒடம்புல எடமில்ல. நீங்களே வெச்சிக்குங்க."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள்... அப்புறம், உள்ளே ஏதோ கனமானதை இழுத்து முட்டுக் கொடுக்கிற சத்தம்.

 பிடி இன்னும் இறுகியது சித்தியின் முகத்திலேயே தெரிந்தது.

"வா கங்கப்பா," என்றாள் மெதுவாக. "போலாம்."