எமிலி வாங்காத நூல்

சரி, வேதப் புத்தகத்தை அப்படியே மடியில வச்சுக்கோங்க. வசனத்துக்குத் திரும்ப வருவோம். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கதை சொல்லிடறேன். சிரிப்பாத்தான் ஆரம்பிக்கும்... கடைசி வரைக்கும் சிரிப்பீங்களான்னு எனக்குத் தெரியாது.

கோத்தகிரியில ஒரு அம்மா. எமிலின்னு வச்சுக்குவோம். வீட்டுக்காரர் பாக்கியநாதன், பஸ் டிரைவர். ஒரே பொண்ணு ஷீபா. நாலு வயசுல மூளைக் காய்ச்சல் வந்து இறந்து போயிடுச்சு. அந்தப் புள்ளைக்கு எமிலி பின்னினது ஒரே ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். முதல் முதலாப் பின்னினது, அதனால ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதை பாக்கியநாதன் தன்னோட டிரங்குப் பெட்டியில வச்சிருந்தார். வருஷா வருஷம் புள்ளையோட பிறந்தநாளுக்கு வெளியே எடுப்பார்... மோந்து பார்ப்பார்... திரும்ப வச்சிடுவார்.

எமிலிக்கு? புள்ள போன பிறகு அந்தக் கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. உல்லன் நூல் வாங்க ஆரம்பிச்சாங்க. பீரோ நிறைஞ்சது. கட்டிலுக்கு அடியில நிறைஞ்சது. அரிசி டிரம்முல பாதி அரிசி, பாதி நூல்! சிரிக்கிறீங்க... நம்ம வீட்டுப் பீரோவுல மடிப்புக் கலையாம எத்தனை சேலை தூங்குது? பின்னினாங்களா? எங்கே பின்னினாங்க! நாலு வரிசை போடுறதுக்குள்ள கடையில புதுக் கலர் வந்திடும்.

ஒரு லெந்து காலம்... ஈஸ்டருக்கு முந்தின அந்த நாப்பது நாள் நோன்பு. எமிலி பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டாங்க. "ஆண்டவரே, ஈஸ்டர் வரைக்கும் ஒரு உருண்டை நூல் வாங்க மாட்டேன்." மனசாரத்தான் சொன்னாங்க. கடை இருக்கிற தெருவையே விட்டுட்டு, மேட்டு வழியா மூச்சு வாங்க வாங்க நடந்தாங்க. கடைக்காரத் தம்பி போன் பண்றார். "அக்கா, ரோஜா கலர் வந்திருக்கு, உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்." "வேணாம் தம்பி." போனை வச்சிட்டு அழுதாங்க. கேலி பண்ணாதீங்க. அது நிஜமான போராட்டம்.

ஆனா கை இருக்கே... கை! முந்தானையைத் திருகுது, பாய்க்கோரையைப் பிய்க்குது. ஒருநாள் தன்னோட பழைய சால்வை கண்ணுல பட்டது. உள்ளே ஒரு குரல். "வாங்கத்தானே கூடாது? பிரிக்கலாமே?"

சாத்தான் கொம்பு வச்சுக்கிட்டா வருவான்? நியாயம் பேசிக்கிட்டு வருவான்!

சால்வையைப் பிரிச்சாங்க. பழைய நூல் நெளிநெளியா இருக்கும். சோப்பு போட்டு அலசி, கல்லைக் கட்டிக் கொடியில தொங்கவிட்டா நெளிவு போய் நேராயிடும், புதுசு மாதிரி. சுத்தி வச்சாங்க. கை கொஞ்சம் அடங்குச்சு. அடுத்து வீட்டுக்காரரோட மஃப்ளர். "என் மஃப்ளர் எங்க எமிலி?" "நைஞ்சு போச்சுங்க, பிரிச்சிட்டேன்." அந்த மனுஷன் கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு பனியில வேலைக்குப் போனார்.

அப்புறம்... டிரங்குப் பெட்டி.

மஞ்சள் ஸ்வெட்டர்ல சின்னதா ஒரு ஓட்டை. "ஐயோ, பூச்சி அரிக்குதே! நூலையாவது காப்பாத்துவோம்." அந்தக் கைக்குத் தெரியாதா, அது எதுன்னு? தெரியும். தெரிஞ்சேதான் இழுத்துச்சு. ஒரு நுனியைப் பிடிச்சு இழுத்தா போதும்ங்க... கழுத்து போச்சு. நீளக் கை போச்சு. குட்டைக் கை போச்சு. அலசினாங்க. கல்லைக் கட்டினாங்க.

அந்த வருஷம் ஷீபாவோட பிறந்தநாள் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு வந்தது. பாக்கியநாதன் ஆலயத்துல இருந்து வந்தார், கையில ஓலையோட. பெட்டியைத் திறந்தார்.

"எமிலி... ஸ்வெட்டர் எங்க?"

எமிலி ஒரு மஞ்சள் உருண்டையைக் கொண்டு வந்து நீட்டினாங்க. "பூச்சி அரிச்சிருந்துச்சுங்க... நூல் அதேதான். ஒரு இழை கூட வீணாக்கல."

அவர் வாங்கினார். மோந்து பார்த்தார். சோப்பு வாசம். விரலால தடவினார்... ஒரு நெளிவு கூட இல்ல.

எமிலி ஓடிப்போய் பின்னல் ஊசியை எடுத்துட்டு வந்தாங்க. "என்னங்க... அளவு எனக்கு ஞாபகம் இருக்குங்க. திரும்பப் பின்னிடறேன். இப்பவே பின்னிடறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். சண்டை இல்ல, சத்தம் இல்ல. உருண்டையைப் பெட்டியில வச்சுப் பூட்டினார். அடுத்த வருஷம் அந்தப் பெட்டியை அவர் திறக்கவே இல்லையாம். இதை எமிலியே என்கிட்ட சொன்னாங்க. "ஐயா, ஆண்டவருக்குச் செஞ்ச பொருத்தனையை நான் மீறலையே..." மீறலதான். ஈஸ்டர் வரைக்கும் ஒரு உருண்டை வாங்கல. எந்த ஏக்கத்துல அந்தப் பழக்கம் ஆரம்பிச்சதோ, அதோட கடைசி அடையாளத்தையே அது தின்னுடுச்சு.

பிரியமானவங்களே... லெந்துன்னு கறியை விட்டோம். சந்தோஷம். வாய் சும்மா இருந்துச்சா? மருமகளைக் கடிச்சுச்சு. குடியை விட்டோம். கை சும்மா இருந்துச்சா? புள்ளை முதுகுல விழுந்துச்சு. கடைக்குப் போகலைன்னு ஆண்டவர்கிட்ட கணக்குக் காட்டறோம்... வீட்டுக்குள்ள யாரைப் பிரிச்சுக்கிட்டு இருக்கோம்? ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கு. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அங்க இருக்கிறவங்க முகத்தைப் பாருங்க. நூலைத் திரும்பப் பின்னலாம்ங்க... அதைப் போட்டுக்க ஆள் இருக்கணும்.