கம்பாஸ் காப்பிக்கடை வாசலில் நின்ற இரண்டு நீல வண்டிகள்

குழந்தை லிவ் நலமாக இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கடல் காற்றில் மூக்கு சிவந்ததோடு சரி. பணியில் இருந்த மருத்துவர் இதைச் சற்று முன்பு இதே காவல் நிலையத்தின் முன்னறையில், குழந்தையின் தாயிடம் என் முன்னிலையில் சொன்னார். மற்ற விவரங்களுக்கு முன்னால் இதைப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டேன், அலுவலர் ஒப்புக்கொண்டார்.

என் பெயர் தோர்கில் வின்டர். வயது 59. ஸ்வென்போர்க் நகரில் மோலர்கேட் தெருவில் குடியிருக்கிறேன். உள்ளூர் நாளிதழில் துறைமுகச் செய்திகளும் நகரசபைச் செய்திகளும் எழுதுவது என் தொழில். இந்தச் சம்பவத்தில் தொடர்புடைய இருவரும் எனக்கு உறவினர் அல்லர். இருவர் மீதும் எனக்குப் பகை இல்லை. நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே சொல்கிறேன்.

நான் இணையத்தில் 'பூட்டும் பயணமும்' என்ற விவாதக் குழுவை நடத்திவருகிறேன். பெட்டிக்கு எந்தப் பூட்டு நல்லது, விமான நிலையத்து இலவச வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா, விடுதி அறையின் இரும்புப் பெட்டியை நம்பலாமா என்று ஓய்வு நேரத்தில் ஆட்கள் சண்டை போட்டுக்கொள்ளும் இடம் அது. அங்கே அதிகமாகச் சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாரென் யோர்ட், வயது 31, இந்த ஊரில் பல் மருத்துவரிடம் உதவியாளர். சாவிக்கொத்து, மிதிவண்டி, பெட்டி, குடை எல்லாவற்றிலும் இருப்பிடம் காட்டும் டிராக்கரை வைத்திருப்பவர். மற்றவர் பியார்கெ லுண்ட்ஸ்பி, வயது 36, எதிரே உள்ள ஏரோ தீவில் பள்ளியில் தச்சு வகுப்பு எடுப்பவர். வார இறுதியில் ஃபெரிக் கப்பலுக்குக் கிளம்பியதும் போனை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பவர். அதைப் பெருமையாகக் குழுவில் எழுதுகிறவர்.

இருவருக்கும் கைக்குழந்தை உண்டு. மாரெனுக்கு மகள் லிவ், பியார்கெவுக்கு மகன் வில்லாஸ். சென்ற இலையுதிர் காலத்தில் மாரென், ஆடும் ஃபெரித் தளத்திலும் பிரேக் நழுவாத ஓர் அடர்நீலக் குழந்தை வண்டியைப் புகழ்ந்து எழுதினார். பியார்கெ அந்த வண்டியை இரண்டு வாரம் விடாமல் திட்டினார். அதன் பிறகு அதே வண்டியை, அதே நிறத்தில், யாரோ பயன்படுத்தியதைத் தேடிப் பிடித்து வாங்கினார். அன்று குழுவில் சிரிக்காதவர் இல்லை. அந்த வண்டிதான் இன்றைய சம்பவத்துக்குக் காரணம்.

எழுத்திலேயே மோதிக்கொள்ளும் இவர்களை ஒரு முறை நேரில் உட்காரவைக்க வேண்டும் என்பது என் யோசனை. அதன்படி இன்று சனிக்கிழமை முற்பகல், ஃபெரித் துறைக்கு மேலே உள்ள கம்பாஸ் காப்பிக்கடையில் குழுவினர் ஐந்து பேர் கூடினோம். இரண்டு வண்டிகளும் இந்த ஊர் வழக்கப்படி வெளியே சுவரோரம் நின்றன. இரண்டிலும் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டின் முகப்பிலும் வலை போட்டிருந்தது. மாரென் தன் வண்டியின் கூரைப் பைக்குள் பேபி மானிட்டர் ஒன்றை வைத்துவிட்டு, அதன் ஜோடியை மேசையில் காப்பிக் கோப்பைக்கு அருகே வைத்திருந்தார். குழந்தை முனகினால் இங்கே கேட்கும். இங்கே பொத்தானை அழுத்திப் பேசினால் அங்கே கேட்கும். பியார்கெ அப்படி எதையும் வைத்திருக்கவில்லை. தனக்குக் காது இருக்கிறது என்றார்.

அதன் பிறகு பேச்சு டிராக்கருக்கு வந்தது. மாரென் வெளியே போய்த் தன் வண்டியின் மெத்தைக்கு அடியிலிருந்து டிராக்கரை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அது கைமாறி எல்லோரிடமும் போனது. பியார்கெ மட்டும் தொடவில்லை.

"கடிக்காது பியார்கெ. பட்டன் சைஸ்தான். கையில எடுத்துத்தான் பாரேன்."

"எதுக்கு? இந்த ஊர்ல குழந்தை வண்டிய எவன் தூக்கிட்டுப் போவான்? உள்ள கெடக்கறது ராத்திரி பூரா கத்துற பிசாசு. திருடினவனே அரை மணி நேரத்துல கொண்டாந்து கையில குடுத்துட்டு மன்னிப்புக் கேப்பான்."

"நீ பேசற பேச்சுக்கு உன் வண்டில நானே ஒண்ணு சொருகி வெக்கறேன். அப்பத் தெரியும்."

"செய்வம்மா, செய்வ. உங்க கூட்டமே ஒட்டுக்கேக்குற கூட்டம்தானே."

"எடிட்டரே, ஒண்ணு இவர குழுவ விட்டு நீக்குங்க, இல்லேன்னா எனக்கு இன்னொரு காப்பி சொல்லுங்க" என்று மாரென் என்னிடம் சொன்னார். குழுவில் என்னை எடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் காப்பி சொன்னேன்.

அந்த நேரத்தில் ஃபெரியின் ஊதல் கேட்டது. பியார்கெ எழுந்தார், பாதி தின்ற லவங்கப்பட்டை ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டார், கழுத்துத்துணியைச் சுற்றியபடியே வெளியே போனார். அவர் எந்த வண்டியை எடுத்தார் என்பதை நான் பார்க்கவில்லை. எங்களில் யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு மேசையில் இருந்த மானிட்டரில் கல் பாவிய தெருவில் சக்கரம் உருளும் சத்தம் வந்தது. தொடர்ந்து பியார்கெவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா வில்லாஸ், உங்கப்பன் சொன்னதுல என்ன தப்பு? இவங்களுக்கு மூச்சு விடறதுக்கே ஒரு மிஷின் வேணும்டா."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மாரெனும் சிரித்தார். அடுத்த கணம் அவர் முகம் மாறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார்; நானும் ஓடினேன். சுவரோரம் ஒரு நீல வண்டி நின்றது. வலையைத் தூக்கினார். உள்ளே மஞ்சள் குல்லாய் போட்ட வில்லாஸ் தூங்கிக்கொண்டிருந்தான்.

மாரென் கத்தவில்லை. போனை எடுத்து வண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வண்டி கம்பாஸ் காப்பிக்கடையில் இருப்பதாக அது காட்டியது. டிராக்கர் மேசையில் சர்க்கரைக் கிண்ணத்தின் பக்கத்தில் கிடந்தது.

அதன் பிறகு நான் பியார்கெவின் எண்ணுக்கு அழைத்தேன், போன் அணைந்திருந்தது. மாரென் உள்ளே ஓடி டிராக்கரைப் பையில் போட்டுக்கொண்டு, மானிட்டரை எடுத்துவந்து பொத்தானை அழுத்தினார். "பியார்கெ, நில்லு! அது லிவ்! என் பொண்ணு!" என்றார். சக்கரச் சத்தம் நின்றது. உடை உரசும் சத்தமும், கூரைப் பையைத் துழாவும் சத்தமும் வந்தன. அதன் பிறகு அவர் குரல் மிக அருகில் கேட்டது.

"அடிப்பாவி, சொன்ன மாதிரியே சொருகிட்டியா! பாத்துக்கிட்டே இரு, இதப் போட்டோ எடுத்துக் குழுவுலயே போடறேன்."

ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. மானிட்டர் அணைந்துவிட்டது. மாரென் பொத்தானைவிட்டு விரலை எடுக்கவே இல்லை. நான்தான் கருவியை அவர் கையிலிருந்து வாங்கினேன். தன் வண்டியில் மாரென் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துவிட்டதாகப் பியார்கெ உண்மையாகவே நம்பினார், 'அது லிவ்' என்றதையும் கேலி என்றே நினைத்தார் என்பது என் கருத்து. மேசையில் நடந்த பேச்சைக் கேட்ட யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதன் பிறகு நாங்கள் துறைக்கு ஓடினோம். மாரென் வில்லாஸின் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினார். இறக்கத்தில் நான் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபெரியில் ஏறும் சாய்பலகை மேலே தூக்கப்பட்டிருந்தது. ஃபெரிக்கும் கரைக்கும் நடுவில் ஓர் ஆள் தாண்ட முடியாத அளவுக்குத் தண்ணீர். மேல்தளத்தில் தடுப்புக் கம்பி ஓரமாக நீல வண்டி தனியாக நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். காற்று வலையை அடித்துக்கொண்டிருந்தது.

வில்லாஸ் விழித்து வீறிட்டு அழத் தொடங்கினான். மாரென் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை ஃபெரியிலிருந்து எடுக்காமலே முதுகைத் தட்டிக்கொடுத்தார். "பிரேக் புடிக்கும். அந்த வண்டியோட பிரேக் புடிக்கும், எடிட்டரே. நான்தானே எழுதினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் துறைமுக அறைக்குள் போய் அங்கிருந்த பெண் அலுவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே வயர்லெஸ்ஸில் ஃபெரியின் தலைமை மாலுமியை அழைத்தார். தண்ணீரைக் கடந்து ஒலிபெருக்கி கரை வரைக்கும் கேட்டது: பியார்கெ லுண்ட்ஸ்பி என்ற பயணி உடனே தன் குழந்தை வண்டியைப் போய்ப் பார்க்கவும். மேல்தளத்துக்கு யாரும் வரவில்லை. ஃபெரி போய்க்கொண்டே இருந்தது.

இதற்கடுத்த பகுதி பியார்கெ பிறகு என்னிடம் சொன்னது. காற்றில் தூங்கட்டும் என்று பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே காப்பியுடன் உட்கார்ந்திருக்கிறார். அறிவிப்பைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவரிடம், "கப்பல்காரங்களையும் புடிச்சிட்டா பாருங்க, விடவே மாட்டா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அதன் பிறகு ஃபெரி ஊழியர் ஒருவர் வந்து, கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போயிருக்கிறார். வலையைத் தூக்கியபோது லிவ் விழித்திருந்தாள். கையுறையைச் சப்பிக்கொண்டு அவரையே பார்த்தாளாம். "என் புள்ள எங்கன்னே அப்பத் தெரியல எடிட்டரே" என்றார்.

அந்த நேரத்தில் கரையில் நின்ற என் போனில் குழுவுக்கு ஒரு படம் வந்தது. லிவ்வின் முகம். கீழே ஒரே வரி: "இது என் பையன் இல்ல. என் பையன் யார்கிட்ட?" ஃபெரியில் பியார்கெ போனைத் திறந்தது எங்களுக்குத் தெரிந்து இதுதான் முதல் முறை. நான் மாரெனின் தோளில் அழுதுகொண்டிருந்த வில்லாஸைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அதன் பிறகு ஃபெரி திரும்பத் தொடங்கியது. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூக்கு மெல்ல இடது பக்கம் சாய்ந்து, பிறகு முழு உடம்பும் சுற்றி வந்தது. துறையில் மீன் வாங்க நின்றவர்கள் கைதட்டினார்கள். ஃபெரிக்குள்ளிருந்தும் கைதட்டல் கேட்டது. இத்தனை வருடத்தில் இந்தத் துறையில் நான் எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். கையில் பேனாவை வைத்துக்கொண்டு எழுத மறந்து நின்றது இன்றுதான்.

சாய்பலகை முழுதாக இறங்கும் முன்பே பியார்கெ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாரென் தள்ளிவந்த வண்டிக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினார். மாரென் வில்லாஸை அவர் கையில் கொடுத்தார். குனிந்து லிவ்வைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டார். அப்படியே ஒரு கையால், லிவ் படுத்திருந்த வண்டியின் மெத்தைக்கு அடியில் டிராக்கரைச் செருகினார். இதையும் நான் கண்ணால் பார்த்தேன்.

"நீ என் வண்டிக்குள்ள பூந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார் பியார்கெ.

"பூந்தது நீ. நான் காப்பிதான் குடிச்சிட்டிருந்தேன்."

பியார்கெ அழுதார். மாரென் அவர் கழுத்துத்துணியின் நுனியால் லிவ்வின் மூக்கைத் துடைத்தார். அதன் பிறகு காவல் வாகனம் வந்தது. பியார்கெவின் கோட்டுப் பையில் இருந்த மானிட்டரை அலுவலர்கள் எடுத்துக்கொண்டார்கள். துறையிலேயே அவரிடம் சுருக்கமாக விசாரித்துவிட்டு, காத்திருந்த அதே ஃபெரியில் போக அனுமதித்தார்கள். அவர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினார். மாரென் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னுடன் இந்த நிலையத்துக்கு வந்தார்.

நிலுவையில் உள்ளவை: இதை வெறும் தவறுதல் என்று முடித்துவிடலாமா என்பதை அரசு வழக்கறிஞர் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தெரிவிப்பார் என்று அலுவலர் சொன்னார். மானிட்டரும் அதற்குப் பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவு சொல்லி முடித்தபோது மாரென் லிவ்வை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டி உள்ளே வந்து, போனை என் முன்னால் நீட்டினார். இதையும் சேர்த்து எழுதும்படி அலுவலரைக் கேட்டுக்கொண்டேன். டிராக்கரின் புள்ளி ஏரோ தீவில் இருக்கிறது. முன்னறையில் நிற்கும் வண்டியின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் கொஞ்சம் மரச்சுருள் மட்டும் இருந்தது. பியார்கெவின் எண்ணுக்கு அழைத்தேன். அணைந்திருக்கிறது. மாரெனின் வண்டி திங்கட்கிழமை காலைக்கு முன்பு திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அலுவலர் இதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது; யாருக்காகவும் கூட்டவில்லை, யாருக்காகவும் குறைக்கவில்லை. என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) தோர்கில் வின்டர்
ஸ்வென்போர்க், சனிக்கிழமை மாலை