பத்துக் கால் சிங்கி இறால்

மழைக்காலத்தில் காகிதம் மடிக்க உட்காரக் கூடாது. ஈரக்காற்றில் தாள் துவண்டுவிடும், மடிப்பு நிற்காது. ஜூன் மாதம் முழுக்க எனக்கு ஓய்வுதான் என்பதால், தலைவர் அவர்களே, உங்கள் விசாரணைக் கடிதத்துக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

செண்டாய் நகரக் காகிதமடிப்பு மன்றத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அது பதவி அல்ல, தொண்டு என்று நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். நமக்கு ஒரே சட்டம்: ஒரே சதுரத் தாள், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. தாளைக் குறுக்கே அறுபத்து நான்கு, நெடுக்கே அறுபத்து நான்கு கட்டங்களாகப் பிரித்து, அந்தக் கோடுகளிலேயே மடித்து மடித்துக் காலும் கொம்பும் வெளியே எடுக்கிற கட்டமடிப்பில் என் பெயர் சொல்லும் படைப்பு ஒரு சிங்கி இறால். அதற்கு எட்டுக் கால். உயிருள்ள இறாலுக்குப் பத்து என்பது எனக்கும் தெரியும். மீதி இரண்டைப் பார்ப்பவர் கற்பனைக்கு விட்டிருந்தேன்; அதைப் பற்றி மூன்று சொற்பொழிவுகளும் ஆற்றியிருக்கிறேன்.

மாநகரப் பேருந்து ஓட்டுநர் ஓதாகி, மன்றத்தில் சேர்ந்த நாலாவது வருஷம், ஒரு சிங்கி இறாலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பத்துக் கால். உடம்பைவிட நீளமாக இரண்டு மீசை.

"பதினோரு மாசம் ஆச்சு, செகாவா சான். உங்க இறாலைப் பாத்துத்தான் ஆசையே வந்துச்சு. பாக்கி ரெண்டு காலையும் போட்டுப் பாப்போமேன்னு."

குத்தலாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். மனுஷர் மனதாரச் சொன்னார்.

நம் ஆண்டுமலரில் செய்முறை போடுவதில்லை. மடிப்புக் கோடுகளை மட்டும் அச்சிடுவோம், மீதி படிப்பவர் பாடு. கோடுகளை அச்சுக்குச் சீர்செய்வது என் தொண்டு. ஓதாகியின் படத்திலிருந்து ஒரு கோட்டை எடுத்துவிட்டேன். துண்டாக எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை முழுசாக எடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அழகான வேலை.

அந்தக் குளிர்காலத்தில் முப்பது பேர் முயன்றார்கள். எல்லோருக்கும் தாள் இடுப்பில் பிதுங்கிக்கொண்டு நின்றது.

"பத்துக் காலும் ஒரே தாள்ல வந்துச்சாமா?" என்றார் கிமோனோ கடைக்காரர் நிஷிவாகி. "கத்தரிக்கோலுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லலையே மனுஷன்!"

கூட்டத்தில் ஓதாகிக்காகப் பேசிய ஒரே ஆள் நான். "பிரிச்சுக் காட்டட்டுமே. தப்புப் பண்ணாதவருக்கு என்ன பயம்?" என்றேன்.

இறால் மன்றத்து அலமாரியில் இருந்தது, சாவி என்னிடம். பிரித்துக் காட்ட நாள் குறித்த பொதுக்குழுவன்று மதியம், எல்லோரும் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், இடது மீசையின் அடியில், உள்மடிப்பில், அரை விரல் நீளத்துக்குச் சவரப் பிளேடால் கீறினேன். பிறகு நானும் தேநீர் குடிக்கப் போனேன்.

"பிரிச்சா இது மறுபடி வராது, செகாவா சான். தாள் தாங்காது," என்றார் ஓதாகி.

"தெரியும்பா. உன் பேரைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

நாற்பது நிமிடம் பிரித்தார். கால் ஒவ்வொன்றாகத் தாளுக்குள் திரும்பிப் போனது. கடைசியில் அந்தக் கீறல் வெளிச்சத்துக்கு வந்தது. விரலால் அதைத் தடவி, "இது நான் பண்ணலையே," என்றார். தாளிடம் சொன்னார், எங்களிடம் அல்ல. வெட்டைப் பார்த்த பிறகு கோடுகளை யார் எண்ணப்போகிறார்கள்? பிறகு எழுந்து, "எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன்," என்று இடுப்புவரை குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. இப்போது பேருந்துச் சீட்டைக்கூட அவர் மடிப்பதில்லையாம்.

அவர் மனைவி அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, போன மாதம் அச்சுப் படத்தோடு ஒப்பிட்டு எண்ணியதாக எழுதியிருக்கிறீர்கள். பொறுமையான பெண்மணி. சரியாகவே எண்ணியிருக்கிறார். கோட்டை எடுத்தது நான். கீறியதும் நான்.

ஆனால் இந்த வருஷ ஆண்டுமலரில் வந்த பத்துக் கால் சிங்கி இறாலிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. ஓதாகி பெயரில் அச்சான படம் மடியாது. முப்பது பேர் சாட்சி. அதில் ஒரு கோடு சேர்த்து மடியவைத்தவன் நான். உழைத்தவன் பெயர் இருப்பதுதானே முறை?