மறுபடியும் சாம்போ

தவோங்கா: மறுபடியும் சாம்போன்னு வந்திருக்கு, லாக்சன் அண்ணே.

லாக்சன்: எது?

தவோங்கா: நீங்க பாறையடியில முங்கிப் பிடிச்சீங்களே, அந்த நீலக் குட்டி மீன். கண்ணாடித் தொட்டியில வளர்க்கிற மீனோட துடுப்பை வச்சுப் பார்த்தா, நசிமாக் களிக்குத் தொட்டுக்கிற மீன்னு மெஷின் சொல்லுது. மூணாவது தடவை.

லாக்சன்: மெஷினுக்குப் பசி போல.

தவோங்கா: டிஎன்ஏ பார்கோடு அண்ணே, ஜோசியம் இல்ல. பாறை மீனுங்களுக்குள்ள யார் யாருன்னு வேணா திணறும். சாம்போவோட குழப்பிக்கவே குழப்பிக்காது. கத்தியைக் கழுவினீங்களா?

லாக்சன்: கழுவாம?

தவோங்கா: எதுல?

லாக்சன்: ஏரியிலதான்.

தவோங்கா: நல்லா கழுவினீங்க... துடுப்பை நான் கொடுத்த ஸ்பிரிட்லதானே போட்டீங்க?

லாக்சன்: அது கொட்டிப்போச்சு. கச்சாசு ஊத்தினேன்.

தவோங்கா: சாராயத்திலயா?

லாக்சன்: நல்ல சரக்கு தங்கச்சி. தீக்குச்சி காட்டினா எரியும்.

தவோங்கா: மிச்சம்?

லாக்சன்: ...குளிர்ல முங்கி எழுந்தவன் என்ன பண்ணுவான்?

தவோங்கா: என் தலையெழுத்து. தொட்டி மீனை வெளிநாட்டுக்கு விக்கிற லிலாங்வே முதலாளி நம்பவே மாட்டேங்கிறார். திரும்ப எடு, திரும்ப எடுங்கிறார். புது இனம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மறுநாளே அவர் படகு பிடிக்க வந்து நிக்கும்.

லாக்சன்: அதான்...

தவோங்கா: என்ன அதான்? முழுங்காதீங்க.

லாக்சன்: அந்த மீன் அந்த ஒரு பாறையிலதான் இருக்கு. முன்னாடி நீ பேர் வச்ச மஞ்சள் வால் மீனை ஒரே சீசன்ல அவர் ஆளுங்க வழிச்சு எடுத்துட்டாங்க. இப்ப அங்க முங்கினா வெறும் கல்லு. வயிறு எரியுது தங்கச்சி.

தவோங்கா: அதனால?

லாக்சன்: வீட்ல குழம்புக்கு வாங்கின சாம்போ துடுப்பை வெட்டி அனுப்பிட்டேன். திட்டு.

தவோங்கா: மூணு தடவையுமா?

லாக்சன்: சேச்சே, கடைசி ரெண்டு தடவைதான். முதல் தடவை சாம்போன்னு நீ சொன்னதுலதான் எனக்கு யோசனையே வந்துச்சு. முதல்ல அனுப்பினது அசல் நீல மீன் துடுப்பு... ஆமா, அது எப்படி சாம்போன்னு வந்துச்சு?

தவோங்கா: வரல அண்ணே. அது எந்த மீனோடயும் சேரல, புதுசுதான். மஞ்சள் வால் கதி இதுக்கும் வரக்கூடாதுன்னு சாம்போன்னு நான்தான் புளுகினேன். அப்புறம் ரெண்டு தடவை நிஜமாவே சாம்போ வந்ததும் எனக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சு.