குனிந்தது யார்?

போன வாரம் திருத்தணி ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள். முதுகுவலிக்குச் சென்னையில் காட்டிவிட்டுத் திரும்பிய அண்ணி, கூட வந்த நாத்தனாரிடம் சொன்னாள்:

"என் முதுக இன்னிக்குத்தான் பாத்தேன்."

"எப்படி அண்ணி?"

"ஆஸ்பத்திரியில கண்ண மூடறாப்புல பெரிய கண்ணாடி மாட்டி வுட்டாங்க. உள்ள கம்ப்யூட்டர் படத்துல ஒரு பொம்பள முதுகு காட்டி நிக்கிறா. கல்லு மாதிரி உறுதியான முதுகு. அதுதான் நீன்னாங்க. நான் கைய ஆட்டினா அவளும் ஆட்டறா. குனின்னாங்க, அவளப் பாத்துகினே குனிஞ்சுட்டேன்."

"வலிக்கலையா?"

"இல்ல. அதான் ஒண்ணும் புரியல. குனிஞ்சது அவளா, நானா? வீட்ல சொன்னா, இத்தினி நாளு பொய்யா படுத்துகினு இருந்தேன்னு சொல்வாங்க."

நாத்தனார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரக்கோணம் தாண்டியதும் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நானே அப்படித்தான் சொல்லிகினு இருந்தேன் அண்ணி. இப்ப எனக்கும் புரியல."

திருத்தணியில் இறங்கும்போது அண்ணியின் பையையும் நாத்தனார் தூக்கிக்கொண்டாள்.